வாடாமாலை ஸ்டாப்

மருதோடைப்பட்டியில் எல்லார் கல்யாண மாலையும் வாடியது, அழகுமீனாவின் மாலை மட்டும் வாடவில்லை. ஆவணி மாசத்து வியாழக்கிழமை ஒன்றில், மலையடிவாரத்து முருகன் கோயிலில் பஞ்சர் கடைக் காசிராஜன் அவள் கழுத்தில் போட்டதும் அவள் அவன் கழுத்தில் போட்டதுமான இரண்டு சம்பங்கி மாலைகள், அன்று சாயங்காலம் வாடவில்லை, மறுநாள் வாடவில்லை, புரட்டாசி பிறந்து பெருமாளுக்குப் பொங்கல் வைத்து முடித்தபோதும் வாடவில்லை, ஐப்பசி மழையில் ஊரே நமுத்துக் கிடந்தபோதும், பங்குனி வெயிலில் கண்மாய் பாளம் பாளமாக வெடித்தபோதும், கதவுக்குப் பின்னால் ஒரே ஆணியில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கியபடி, சற்றுமுன்தான் தண்ணீர் தெளித்து வைத்தவை போல் இருந்தன. ஊர் ஆச்சரியப்படாமல் இல்லை. ஆனால் எட்டு நாளைக்கு மேல் ஒன்றை நினைத்து ஆச்சரியப்பட்டுக்கொண்டே இருக்க அந்த ஊருக்கு நேரமில்லை. விடிந்தால் பூப் பறிக்க வேண்டும், பறித்ததை மார்க்கெட்டுக்கு ஏற்ற வேண்டும்.

அழகுமீனாவின் அக்கா நாகஜோதிக்குத்தான் அது எட்டு நாளில் தீரவில்லை. அவளுக்கு மூன்று வருஷம் எரிந்தது.

எரியாமல் என்ன செய்யும்? நாகஜோதியின் கல்யாணம் மண்டபத்தில் நடந்தது. எண்ணூறு பேர் சாப்பிட்டார்கள். அவள் மாலை முழங்காலைத் தொட்டது, ரோஜாவும் ஜிகினாவுமாகக் கனத்தது. இரண்டாம் பந்தி உட்காரும்போதே அதன் ஓரம் கறுத்துவிட்டது. புகுந்த வீட்டுக்கு வந்து இறங்கி, குட்டைச் சுவரில் கழற்றி வைத்து முகம் கழுவிவிட்டு வருவதற்குள் மாமியாரின் வெள்ளாடு அதை நாரோடு தின்று தீர்த்திருந்தது. ஜிகினா ஒத்துக்கொள்ளாமல் ஆட்டுக்கு வயிறு ஊதிவிட, புதுப்பெண் வந்த வீட்டில் ஒரு வாரம் பேசியதெல்லாம் ஆட்டைப் பற்றித்தான். மாப்பிள்ளை பரமன் பூக்கமிஷன் கடைக்காரன். நல்ல மனுஷன், குடிக்கமாட்டான், கை ஓங்கமாட்டான். பதினாறு வருஷத்தில் ஒரு நாளும் அவன் நாகஜோதியைப் பார்த்து, சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை, அவ்வளவுதான். ஒருமுறை வெளிநாட்டு வேலைக்குப் போகிறேன் என்று பாஸ்போர்ட்டுக்காகக் கல்யாணத்தைப் பதிவு செய்தான். வெளிநாடும் போகவில்லை, ஒன்றும் போகவில்லை. அந்தச் சான்றிதழ் லேமினேஷன் போடப்பட்டு பீரோவில் சேலைகளுக்கு அடியில் கிடந்தது. எத்தனை தடவை அடியில் திணித்தாலும் எப்படியோ மேல் அடுக்குக்கு வந்துவிடும். பரமன்தான் எதையோ தேடிக் கலைத்துப் போடுகிறான் என்று அவள் திட்டுவாள், அவனும் திட்டு வாங்கிக்கொள்வான்.

அழகுமீனாவுக்கு மண்டபம் இல்லை, பந்தி இல்லை, கோயிலுக்கு வந்தது பதினோரு பேர். நாகஜோதி காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள். தாலி கட்டிய கையோடு இருவரும் மாலையும் கழுத்துமாகச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனார்கள். அழகுமீனா அந்த அலுவலகத்துக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தவள். ஊரார் கல்யாணச் சான்றிதழ்களுக்கெல்லாம் நகல் எடுத்து லேமினேஷன் போட்டுக் கொடுத்தவள். என்னென்ன காகிதம் வேண்டும் என்று அவளுக்கு மனப்பாடம். எல்லாவற்றையும் வரிசையாகக் கொடுத்தாள். சார்பதிவாளர் ஒன்றை இடது கையிலும் மற்றதை வலது கையிலும் பிடித்துக்கொண்டார்.

"ஆதார்ல பெண்ணுன்னு இருக்கு. பொறப்புச் சான்றிதழ்ல ஆணுன்னு இருக்கு. நான் எதைம்மா நம்புறது?"

"என்னைய நம்புங்க சார்" என்றாள் அழகுமீனா.

அதற்குக் கட்டம் இல்லை என்று சொல்லிவிட்டார். போட்ட மாலையோடு இருவரும் பஸ் ஏறித் திரும்பி வந்தார்கள். கழற்றி ஆணியில் மாட்டினார்கள். மாலை வாடாமல் இருக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

அழகுமீனா பிறந்தபோது, பிரசவம் பார்த்த மருத்துவச்சி பிள்ளையைக் குளிப்பாட்டி, துடைத்து, இரண்டுமுறை பார்த்துவிட்டு, இது ஆண் என்றும் சொல்ல முடியாது, பெண் என்றும் சொல்ல முடியாது, இப்படியும் பிள்ளைகள் பிறக்கத்தான் செய்யும், பயப்பட ஒன்றுமில்லை, வளர்ந்து அதுவே சொல்லும் என்று சொல்லியிருந்தாள். பிள்ளை மூன்று வயசிலேயே சொல்லிவிட்டது. அக்காவின் பழைய பாவாடையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. பள்ளிக்கூடத்தில் அம்மா பெண் என்று சேர்த்தாள், ஊரும் பெண் என்றே கூப்பிட்டது. வளர்ந்து வேலைக்கு வந்தபிறகு, ஜெராக்ஸ் கடைக்கு வந்துபோகிற வக்கீல் ராபியா, இதற்கு இடைப்பால் என்று பேர் இருக்கிறது, உங்களைப்போல் எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்று சொன்னபோது அழகுமீனா யோசித்துவிட்டு, "பேரு இருந்தா நல்லதுதான் மேடம். ஒடம்புக்கு அந்தப் பேரே இருக்கட்டும். கல்யாணத்துல நான் பொண்ணு" என்றாள்.

மாலையோடு பழகிக்கொள்ள ஊருக்கு அதிக நாள் ஆகவில்லை. முதல் வாரம் பிளாஸ்டிக் என்றார்கள், பெண்கள் வந்து கிள்ளிப் பார்த்தார்கள், கிள்ளிய இதழ் அவர்கள் கையில் பத்து நிமிஷத்தில் சுருண்டது, கிள்ளிய இடத்தில் மாலை அப்படியே இருந்தது. கல்லூரியிலிருந்து தாவரவியல் வாத்தியார் ஒருவர் வந்து நாலு பூவைக் கண்ணாடிக் குப்பியில் போட்டுக்கொண்டு போனார், பஸ் ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் குப்பிக்குள் நாலும் பழுத்துவிட்டன, அவர் அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி வந்து காபி குடித்துவிட்டுப் போனார். பூ வியாபாரிகள் சங்கத்தில் அவசரக் கூட்டம் போட்டு, வாடாத பூ ஒன்று ஊருக்குள் இருப்பது தொழிலுக்கு நல்லதா கெட்டதா என்று சாயங்காலம்வரை பேசி, பூ பரமன் கடையில் வாங்கியது என்று தெரிந்ததும் எல்லாரும் பரமனைப் பார்த்தார்கள், அவன் கழுத்தைச் சொறிந்துகொண்டு, அதே கூடையில் இருந்த மற்ற மாலையெல்லாம் அன்றைக்கே வாடிவிட்டதே என்றான். பிறகு கல்யாணம் நிச்சயமான பெண்கள் வந்து தாலிக்கொடியை மாலைமேல் வைத்து எடுத்துப் போனார்கள். புருஷனோடு சண்டை போட்டவர்கள் வந்து அதன்கீழ் உட்கார்ந்து மூக்கைச் சிந்திவிட்டுப் போனார்கள். தேனீக்கள் காலை ஒன்பது மணிக்கு வந்து பதினொன்றுக்குப் போயின. அந்த வீட்டுப் பக்கம் நிற்கும் டவுன் பஸ்ஸின் கண்டக்டர் ஒருநாள், இறங்குகிற கூட்டத்தைப் பார்த்து, வாடாமாலை எல்லாம் இறங்கு என்றான். அதுவே பேராகிவிட்டது. அடுத்த வருஷம் பஸ் டிக்கெட்டில் அந்தப் பேர் வந்தது, அதற்கடுத்து சிலிண்டர் ரசீதில் வந்தது, வாக்காளர் பட்டியலில் முகவரிக்குக் கீழே வந்தது. மாலையின் பேர் சர்க்கார் காகிதத்தில் ஏறிவிட்டது, மாலை போட்டுக்கொண்டவர்கள் பேர்தான் சேர்ந்தாற்போல் எதிலும் ஏறவில்லை.

நாகஜோதியின் வீடு அதற்கு முந்தின ஸ்டாப். ஒரு நாளைக்குப் பதினான்கு டிரிப். ஒவ்வொரு டிரிப்பிலும் கண்டக்டர் அவள் வாசலில் வைத்துத்தான், அடுத்தது வாடாமாலை, வாடாமாலை என்று கத்துவான். அவள் சமையலறைச் சன்னலைச் சாத்திப் பார்த்தாள். சாத்தினால் தாளிக்கிற புகை உள்ளே சுற்றியது, திறந்தால் வாடாமாலை உள்ளே வந்தது. பரமன் வெள்ளிக்கிழமைதோறும் கடையைச் சாத்திவிட்டுப் போய் மாலையைப் பார்த்துவிட்டு வருவான். வந்து, "நம்ம கடைச் சரக்கு, என்ன ஒரு நெறம்" என்பான். பதினாறு வருஷத்தில் எதையும் பார்த்து அவன் அப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை.

அவளும் சும்மா இருக்கவில்லை. தங்கச்சியைப் பார்க்கப் போகிற சாக்கில் போய், யாரும் இல்லாத நேரம் மாலைக்கு நேரே நின்று வாய் நிறையப் பெருமூச்சு விட்டுப் பார்த்தாள். உப்புத்தண்ணீர் தெளித்தாள். ஒரு சித்திரை மதியம், அழகுமீனா கடைக்கும் காசிராஜன் டயர் வேலைக்கும் போயிருந்தபோது, இரண்டையும் கழற்றிக்கொண்டுபோய்த் தகரக் கூரைமேல் போட்டுவிட்டு இரண்டு மணி நேரம் நிழலில் உட்கார்ந்திருந்தாள். தகரம் காலைப் பொசுக்குகிற சூட்டில் இருந்தது. போய்ப் பார்த்தால் மாலைமேல் வண்ணத்துப்பூச்சி ஒன்று உட்கார்ந்திருந்தது. கடைசியில் தன் ஆட்டையே ஓட்டிக்கொண்டு வந்தாள். அவள் கல்யாண மாலையைத் தின்ற அதே வெள்ளாட்டின் பேத்தி. துணிப்பையைத் தின்னும், ரேஷன் கார்டைத் தின்னும், சுவரில் ஒட்டிய தேர்தல் நோட்டீசைத் தின்னும். அது மாலையை முகர்ந்து பார்த்தது. நாகஜோதியை ஏறிட்டுப் பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது. அன்றைக்கு அவள் தெருவிலேயே உட்கார்ந்து அழுதாள், கண்ணில் தூசி என்று ஊரில் சொன்னாள்.

மூன்றாம் வருஷம் மாசி மாசம் லாரி டயர் ஒன்றுக்குக் காற்றடிக்கும்போது ரிம் தெறித்துக் காசிராஜனின் இடது கையை நசுக்கிவிட்டது. பக்கத்து டவுன் ஆஸ்பத்திரியில், உடனே ஆபரேஷன் செய்யவேண்டும், சொந்தக்காரர் கையெழுத்துப் போடவேண்டும் என்றார்கள். அழகுமீனா, நான் பொண்டாட்டி என்றாள். ஆதாரம் கேட்டார்கள். அவளிடம் போனில் மாலையின் படம்தான் இருந்தது, அதைக் காட்டினாள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் படத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். அவளே போன வைகாசியில் வந்து அந்த மாலைமேல் தன் தாலியை வைத்து எடுத்துப் போனவள். கண்ணெல்லாம் கலங்க, "எனக்குத் தெரியும்க்கா, கம்ப்யூட்டருல ஏறாதுக்கா" என்றாள். காசிராஜனின் சித்தப்பா கம்பத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து கையெழுத்துப் போட ஐந்து மணி நேரம் ஆனது. அதற்குள் இரண்டு விரலைக் காப்பாற்ற முடியாமல் போயிற்று.

நாகஜோதியும் அங்கே இருந்தாள். நினைவு திரும்பியதும் காசிராஜன் வாயைத் திறந்து முதலில் கேட்டது, "மீனா சாப்புட்டாளா?" அந்த ஒரு வார்த்தை அவள் நெஞ்சில் போய் முள்ளாகத் தைத்தது. விரல் போன மனுஷன்மேல் பரிதாபப்பட வேண்டிய நேரத்தில் தனக்கு வேறு எதுவோ வருகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய, வந்துவிட்டது.

அதற்குப்பிறகு அழகுமீனா சும்மா இருக்கவில்லை. வக்கீல் ராபியா வழக்குப் போட்டாள். பிறப்புப் பதிவைத் திருத்த வேண்டும், கல்யாணத்தைப் பதிய வேண்டும். ஒருத்தர் தான் இன்னார் என்று சொல்வதே போதும் என்று அவள் வாதாடிக்கொண்டுதான் இருந்தாள். எதிர்த்தரப்பு, அப்படியானால் முதலில் ஆண் என்று எழுதியது யார், ஏன் எழுதினார் என்று கேட்டது. பிறந்தபோது உடனிருந்தவர் யாராவது வந்து சொல்லவேண்டும், இல்லையென்றால் மருத்துவக் குழுவிடம் அனுப்பி உடம்பைப் பார்க்கச் சொல்வோம் என்றது. அப்பா இல்லை, அம்மா இல்லை, மருத்துவச்சி இல்லை. மிச்சம் நாகஜோதி ஒருத்திதான்.

அழகுமீனா வந்து அக்கா வீட்டு அடுப்படியில் உட்கார்ந்தாள். "நாலு பேரு முன்னாடி துணிய அவுத்துட்டு, நான் என்னன்னு அவங்களைச் சொல்லச் சொல்லமாட்டேன்க்கா. அதுக்கு இப்பிடியே இருந்துட்டுப் போறேன். நீ வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

பார்க்கலாம் என்றாள் நாகஜோதி. அடுத்தமுறை வந்தபோது கால்வலி என்றாள். மூன்றாம்முறை, உங்க மச்சானைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். பரமனைக் கேட்டு அவள் இதுவரை ஒரு கத்தரிக்காய்கூட வாங்கியதில்லை.

உள்ளே ஒரு விஷயம் இருந்தது. யாருக்கும் தெரியாது என்று இருபத்தொன்பது வருஷமாக அவள் நினைத்துக்கொண்டிருந்த விஷயம். பிறப்பைப் பதிய அப்பா பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனபோது அவளையும் கூட்டிக்கொண்டு போனார். அவருக்குக் கைநாட்டுத்தான், அவளுக்கு நாலாம் வகுப்பு, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள். எழுத்தர் டீ குடிக்கப் போகிற அவசரத்தில் பாரத்தை அவளிடம் கொடுத்து நிரப்பச் சொன்னார். வருகிற வழியெல்லாம் அப்பா சொல்லிக்கொண்டே வந்திருந்தார்: மருத்துவச்சி சொன்னபடி அந்த ஒரு கட்டத்தை மட்டும் விட்டுவிடு தாயி, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அவள் எல்லாக் கட்டத்தையும் குண்டு குண்டாக அழகாக நிரப்பினாள். அந்தக் கட்டத்துக்கு வந்தாள். அது பெண்ணாகிவிட்டால் ரிப்பன் பங்கு, வளையல் பங்கு, அம்மா மடி பங்கு. ஆணாக இருந்துவிட்டால் அந்த வீட்டில் பெண் அவள் ஒருத்திதான். ஆண் என்ற இடத்தில் ஒரு டிக், கீழே வால் சுழித்து, பரிசு வாங்கிய கைக்கு ஏற்றபடி. அப்பா கட்டைவிரலை அழுத்தினார். போட்டும் பிரயோஜனமில்லை, பிள்ளை பாவாடையைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தது, ரிப்பன் பங்கு போனது, வளையல் பங்கு போனது, மடி முழுசாகவே போனது.

வாய்தாவுக்கு நாலு நாள் இருக்கும்போது ஒரு மதியம் மறுபடி மாலையைப் பார்க்கப் போனாள். காசிராஜன் கட்டுப் போட்ட கையோடு கதவோரம் உட்கார்ந்து ஒற்றைக் கையால் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தான். அவள் பார்வை போன இடத்தைப் பார்த்துச் சிரித்தான்.

"அது இப்ப வாடாது மதினி. ஆபீசுல சீலு விழுந்த அன்னைக்கு வாடிரும்னு மீனா சொல்லுது. அதுக்குத்தான் காத்துக் கெடக்காம்."

அவன் விளையாட்டாகச் சொன்னான். நாகஜோதி அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் நடந்தே வீட்டுக்கு வந்தாள், வழியெல்லாம் அந்த வார்த்தையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். மூச்சுக்கு வாடாதது, உப்புக்கு வாடாதது, வெயிலுக்கும் ஆட்டுக்கும் வாடாதது, ஒரு சீலுக்கு வாடும் என்றால், அந்தச் சீல் விழ அவள் வார்த்தைதான் வேண்டும் என்றால், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மறுநாள் காலையில் வக்கீலுக்குப் போன் போட்டு, நான் வருகிறேன் என்றாள். ஊரே, பெற்ற தாய் மாதிரி அக்கா என்று பேசியது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கோர்ட்டில் உண்மையைச் சொல்லும் எண்ணம் அவளுக்கு இல்லை. மருத்துவச்சி சொன்னதைச் சொல்லவேண்டும், கட்டத்தை நிரப்பியது எழுத்தரின் கைப்பிசகு என்று சொல்லவேண்டும், இறங்கிவிட வேண்டும். அந்த எழுத்தரையும் தேடிப் பிடித்துக் கூட்டி வந்திருந்தார்கள். ஆறுமுகப்பெருமாள், எண்பது வயசு, ஊன்றிய கம்பு ஆடுகிறது. எனக்கு ஞாபகம் இல்லை, என் தப்பாகத்தான் இருக்கும் என்று அவர் ஒப்புக்கொள்ளத் தயாராக நின்றார். நீதிபதி அம்மாள் பழைய பாரத்தைக் கையில் வைத்து மூக்குக்கண்ணாடி வழியே பார்த்தார்.

"தப்புத்தான், ஆனா நல்ல கையெழுத்து பெரியவரே. முத்து முத்தா எழுதியிருக்கீங்க" என்றார்.

கிழவர் கொஞ்சம் நிமிர்ந்தார். கூச்சத்தோடு சிரித்து, அந்தக் காலத்தில் அப்படித்தான் எழுதுவோம் அம்மா என்றார்.

நாகஜோதிக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. தங்கச்சிக்கு மாலை போனது, மடி போனது, சாப்பிட்டாயா என்று கேட்கிற புருஷன் போனான், பஸ் ஸ்டாப்பே போனது, எல்லாவற்றையும் பொறுத்தாள். வாழ்க்கையில் அவளுக்கென்று கிடைத்த ஒரே பரிசை யாரோ ஒரு கிழவர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவதைப் பொறுக்கமுடியவில்லை.

"அது என் எழுத்து" என்றாள். கோர்ட்டு முழுக்கத் திரும்பியது. "அவரு எழுதல. நான் எழுதுனேன். ஒம்போது வயசுல எழுதுனேன். அந்த டிக்கும் நான் போட்டது. அப்பா போடாதேன்னாரு, நான் போட்டேன்."

ஏன் என்று நீதிபதி கேட்டார்.

நாகஜோதி தங்கச்சியைப் பார்க்கவில்லை, கூண்டுக் கட்டையைப் பார்த்தாள். "வீட்டுக்கு நான் ஒருத்திதான் பொண்ணா இருக்கணும்னு போட்டேன்" என்றாள். சொன்னபிறகு உட்கார நாற்காலி கேட்டாள்.

அவளையே எழுதச்சொல்லி ஒப்பிட்டுப் பார்த்தார்கள், வால் சுழிப்புவரை ஒன்றாக இருந்தது. ஒன்பது வயசுப் பிள்ளையின் பொறாமை அரசாங்கப் பதிவாக இருக்கமுடியாது என்றும், யாரும் யார் உடம்பையும் பார்க்க வேண்டியதில்லை, அவர் சொல்வதே போதும் என்றும் தீர்ப்பானது. பிறப்புப் பதிவில் அந்த டிக்கை அடித்து, இடைப்பால், பெண் என்று அழகுமீனா சொன்னபடியே எழுதினார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்கு, அதே சார்பதிவாளர், அதே மேஜையில், மணமகன் காசிராஜன், மணமகள் அழகுமீனா என்று எழுதிச் சீலைக் குத்தினார். சாட்சிக் கையெழுத்து நாகஜோதி.

அவள் அங்கே ஒரு நிமிஷமும் நிற்கவில்லை. முதல் பஸ்ஸில் ஏறி, வாடாமாலை ஒரு டிக்கெட் என்று தன் வாயாலேயே கேட்டு வாங்கிக்கொண்டு வந்து இறங்கினாள். பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள் வாசலிலேயே நின்றாள். பதினொன்றே முக்காலுக்குப் பொலபொலவென்று கொட்ட ஆரம்பித்ததாம். நாகஜோதி கதவைத் தள்ளினாள். ஆணியில் இரண்டு நார் தொங்கியது. கீழே, மூன்று வருஷத்துக்குச் சேர்த்து வாடியதுபோல், காப்பித்தூள் நிறத்தில் ஒரு குவியல். எந்த வீட்டிலும் பார்க்கிற வாடின மாலை. பார்த்தாள். வயிறு குளிரும் என்று காத்திருந்தாள். குளிரவில்லை.

அடுத்த பஸ்ஸில் அவர்கள் வந்தார்கள். அழகுமீனா குவியலைப் பார்த்தாள், காசிராஜனைப் பார்த்தாள், பிறகு இருவரும் பைத்தியம் மாதிரிச் சிரித்தார்கள். விளக்குமாற்றை எடுத்துக் கூட்டினாள். மற்ற வீடுகளில் செய்கிற மாதிரி கண்மாயில் விடுவதற்காக ஒரு பையில் அள்ளினாள். அள்ளிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"அந்த டிக்கு உன்னோடதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும்க்கா."

நாகஜோதி காலடியில் கிடந்த இதழ் ஒன்றை எடுத்துப் பையில் போட்டாள்.

"வழக்குக்கு அந்தப் பாரத்துக்கு நான்தான நகல் எடுத்தேன். மெஷினைத் தொறந்து வச்சதுமே தெரிஞ்சுபோச்சு. உன் பழைய நோட்டெல்லாம் பாத்துத்தான நான் எழுதப் பழகுனேன். வக்கீலம்மாகிட்ட சொல்லல. நீயா சொல்றியான்னு பாத்தேன்."

"கோவம் வரலயா உனக்கு?"

"வராம? உன்னைய நெனச்சு எவ்வளவு எரிஞ்சிருக்கேன் தெரியுமா. இந்த டிக்குக்காக இல்ல, அதுக்கும் முந்தியே." அழகுமீனா பையின் வாயை முடிந்தாள். "அம்மா போனபெறகு உங்க வீட்டுல இருந்த நாலு வருஷமும், அப்புறம் வரப்போகவும், நீ அடுப்படியில இருக்கும்போது பீரோவைத் தொறந்து உன் கல்யாணச் சர்டிபிகேட்டை எடுத்துப் பாத்துக்கிட்டே நிப்பேன். நீ வந்துட்டா அவசரத்துல மேலாப்புல வச்சுட்டுப் போயிருவேன். நான்தான லேமினேஷன் போட்டேன் அதுக்கு. இனிமே எடுக்கமாட்டேன்க்கா."

நாகஜோதி வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தாள். சான்றிதழ் அன்றும் மேல் அடுக்கில்தான் இருந்தது. சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். இத்தனை வருஷத்தில் அவள் அதை ஒருமுறைகூட முழுசாகப் படித்ததில்லை. லேமினேஷன் முழுக்கப் பளபளவென்று புதுசாக இருந்தது. மணமகள் என்ற வார்த்தைக்கு மேலே மட்டும், ஒரு விரல் அகலத்துக்கு, தடவித் தடவி மங்கிப்போயிருந்தது. ஒருத்தி இத்தனை நாள் தன்னைப் பார்த்து, தன் வீட்டுக்குள் நின்று, வயிறெரிந்திருக்கிறாள். அது தெரிந்ததும் நாகஜோதிக்கு முதலில் வந்தது, மறைத்து என்ன பயன், சந்தோஷம்தான். வயிறு நிறையச் சந்தோஷப்பட்டாள். பிறகு தன் விரலை அந்த மங்கின இடத்தில் வைத்தாள், அங்கேயே உட்கார்ந்தாள், இந்தமுறை கண்ணில் தூசி என்று யாரிடமும் சொல்லவில்லை. வெளியே இரண்டு ஐம்பது பஸ் வந்து நின்றது. அடுத்தது வாடாமாலை, வாடாமாலை என்று கண்டக்டர் கத்தினான். சன்னல் திறந்தே இருந்தது.